கொட்டுக்கும் ஒரு இடம்

எத்தனை பேர் வருவீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஒன்பது என்றார் அப்பா.

நான் கதவோரம் நின்று விரல் மடக்கினேன். கொட்டு அடிக்கும் அப்பா, குழல் ஊதும் மாமா, தாளம் போடுகிறவர், சின்ன மேளக்காரர்கள் இருவர், ஆடுகிறவர்கள் மூவர். எட்டு. ஒன்பதாவது நான்தான். வேறு யார்?

அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. சற்று முன்புதான் அதிகாரி என்னையும் அழைத்திருந்தார். சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்தவர் அவர். அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. ஆபீசர் ஆனாலும் நடந்துதான் வரவேண்டும். பூட்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் குண்டனி நாட்டுக்கு (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச மூச்சு இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். டில்லியில் பெரிய விழா. நம் பக்கத்திலிருந்து போகவேண்டிய ஒரு ஆட்டக்குழு கடைசி நேரத்தில் வரமுடியாமல் போய்விட்டது. அவர்களுக்குப் பதிலாக எங்கள் மலைக் கொட்டும் ஆட்டமும் போகவேண்டும். ரயிலில் போனால் நேரத்துக்குச் சேரமுடியாது. ஆகவே சென்னையிலிருந்து விமானம்.

"ஏனுங்க, எங்கள உள்ள ஒக்கார வச்சுட்டு, கொட்டு கொழலயெல்லாம் வாலுல கட்டித் தொங்கவிட்ருவாங்களா?" என்று கேட்டார் மாமா. அம்மாவின் தம்பி. குழலை வாயில் வைத்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பவர்.

"எல்லாம் உள்ளேதான் வரும்," என்றார் அதிகாரி. "உங்கள்ல யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமா?"

"இங்கிலீசுங்களா? மலைய விட்டுக் கீழ எறங்குனா எங்களுக்குத் தமிழே கொஞ்சம் தட்டுதுங்க."

அப்பா என்னைக் காட்டினார். "எம்புள்ள பதினொண்ணாவது முடிச்சிருக்குதுங்க."

"அப்படியா! அப்ப பொண்ணும் கூட வரட்டும். அங்கே உங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேணும்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி, அந்தப் பதில். ஒன்பது.

அந்த நிமிஷத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பில் வைத்த களியைக் கிண்டாமல் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன். உள்ளே போவேன், மறுபடி வருவேன். செம்மேட்டுச் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நான் படித்த விடுதித் தோழிகளுக்குக் கார்டு போட்டேன். அவர்களில் பலருடைய அப்பாக்கள் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். ஒருத்தியின் அப்பாகூட விமானத்தில் ஏறியதில்லை. எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் கை என்னுடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. இனி விமானத்தில் ஏறிய முதல் காலும் என்னுடையதாகப் போகிறது என்று நினைத்தேன்.

"மேல போனா நம்ம ஊடு தெரியுமா கண்ணு?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியும்மா. பாத்துட்டு வந்து சொல்றேன்."

இங்கே எங்கள் கொட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பலா மரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் கட்டிய பெரிய மேளம் அது. நான் கட்டிப்பிடித்தால் என் கைகள் மறுபக்கம் ஒன்றையொன்று தொடாது. அதை வெறுந்தரையில் வைக்கமாட்டோம். யாராவது ஒருவர் மடியில் இருக்கும், தோளில் இருக்கும், இல்லையென்றால் மடித்துப் போட்ட துண்டின்மேல் இருக்கும். எங்கள் குழுவில் அது ஒரு சாமான் இல்லை. வாசிக்கிறவர்களில் ஒருவர் மாதிரி. திருவிழா வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் இலை கொட்டுக்குப் போடுவார்கள். எல்லாரும் தின்று முடித்த பிறகு அந்த இலைச் சோற்றைக் கொட்டு இருக்கும் வீட்டுப் பிள்ளை தின்னும். அறுவடைக்குப் பின் ஊர் கொடுக்கும் சாமையைப் பிரிக்கும்போதும் ஆளுக்கொரு பங்கு, கொட்டுக்கு ஒரு பங்கு. தோலுக்கும் எண்ணெய்க்கும் போக மீதி, கொட்டை வைத்துக் காப்பாற்றும் வீட்டுக்கு.

கொட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது. வீட்டுப் பிள்ளை நான். கொட்டின் இலைச் சோற்றைத் தின்று வளர்ந்தவள். நான் கீழே விடுதிக்குப் படிக்கப் போனபோது கொட்டின் பங்குச் சாமையைத்தான் அப்பா ஒவ்வொரு வருஷமும் விற்றார். எனக்கு அது தெரியும். ஆனால் மாமா என்னைக் "கொட்டுப் பங்குல படிச்ச புள்ள" என்று கூப்பிடும்போது எரிச்சல் வரும். பரீட்சை எழுதியது நான். கொட்டு எழுதவில்லை.

புறப்பட்ட நாளில் விடியும்போதே இறங்கத் தொடங்கினோம். பனி மூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகு மட்டும் தெரிந்தது. சின்ன மேளங்கள், குழல்கள், ஆட்டத்துக்கான துணி மூட்டைகள், சலங்கைகள் எல்லாம் தலையிலும் தோளிலுமாக வந்தன. கொட்டை அப்பாவும் மற்றவர்களும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். நான் எல்லாருக்கும் முன்னால் போனேன். நின்று திரும்பிப் பார்ப்பேன். "வெரசா வாங்க" என்பேன்.

"இந்தப் புள்ள ரெக்க கட்டி ஏற்கெனவே கெளம்பிருச்சு," என்றார் மாமா. "நம்மதான் சும்மா பின்னால நடந்துட்டு இருக்கோம்."

சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் கேட்டதும் அப்பா ஒன்பது டிக்கெட் என்றார். கொட்டை மேலே போடுங்கள் என்றார் கண்டக்டர். மேலே போடுகிறது இல்லீங்க என்றார் அப்பா. கொட்டைத் தூக்கி ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்தார். அதே இருக்கையின் ஓரத்தில் நான் ஒட்டிக்கொண்டேன். கொட்டு சாயாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு எடுத்த டிக்கெட்டில் கொட்டும் வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இடத்தை அது அடைத்துக்கொள்கிறதே என்று கோபமும் வந்தது. சேலத்தில் ரயில் ஏறியபோதும் அப்படியே. ஒன்பது டிக்கெட், எட்டு ஆண்கள், ஒரு பலகையில் கொட்டும் நானும். எங்கள் யாருக்கும் எதுவும் தவறாகத் தெரியவில்லை. பஸ்ஸும் ரயிலும் நெருங்கி உட்கார்ந்தால் இடம் கொடுத்துவிடும்.

சென்னையில் இறங்கியதுமே கொட்டு சத்தத்தை மாற்றிக்கொண்டது. கடல் காற்றில் தோல் தொய்ந்துவிட்டது. அப்பா விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. மீனம்பாக்கத்தில் விமான நிலையத்துக்கு வெளியே எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ரயிலடியிலிருந்து கூட்டிவந்த அதிகாரி உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் மாமா எங்கிருந்தோ சருகு பொறுக்கி வந்து, வேலி ஓரத்தில் குவித்து, நெருப்புப் பெட்டியை எடுத்துவிட்டார். தோலுக்கு அனல் காட்டினால் முறுக்கேறும். எங்கள் மலையில் எந்தத் திருவிழாவும் அந்தச் சருகுத் தீயில்தான் தொடங்கும்.

காக்கி உடுப்புக்காரர் ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "யோவ்! பெட்ரோல் வண்டி நிக்குது! ஊரையே எரிக்கப் பாக்கறியா?"

"ஊர எரிக்கறதுக்கில்லீங்க. ஒரு கொட்டு காயறதுக்குத்தானுங்க," என்றார் மாமா. நெருப்புப் பெட்டி போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவர்களோடு சேர்ந்தவள் இல்லை என்பதுபோல் நாலு எட்டுத் தள்ளி நின்றேன். பிறகு அப்படி நிற்பதற்கும் வெட்கமாக இருந்தது. திரும்ப வந்தேன். தரையில் உட்கார்ந்தேன், எழுந்தேன். பின்னல் நுனியைக் கடித்தேன். வேலிக்கு அப்பால் வெள்ளை விமானம் நின்றுகொண்டிருந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது. அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே சாமான்களை எடை போட்டார்கள். அப்பா தராசுத் தட்டின்மேல் துண்டை விரித்துவிட்டுத்தான் கொட்டை வைத்தார். சின்ன மேளங்களும் மூட்டைகளும் தள்ளுவண்டியில் போய், விமானத்தின் வயிற்றுப் பக்கமிருந்த சின்னக் கதவு வழியாக உள்ளே போயின. கொட்டு போகவில்லை. கதவு சிறியது. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். அப்பா ஓடிப்போய் அதை அவர்கள் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விமானத்தின் அருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது மூட்டையோட வராதுங்க. எங்களோட ஒக்காந்துதான் வரும். அதான் ஒன்பதுன்னு சொன்னேனுங்களே."

அதிகாரிக்குப் புரியவில்லை. "ஒன்பது பேருக்குத்தானே இடம் வாங்கியிருக்கு? எட்டு ஆம்பிளைங்க, ஒரு பொண்ணு."

"எட்டு ஆளு, ஒரு கொட்டுங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் நான் கொட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது என் இருக்கையில் இல்லை. அதனுடைய இருக்கையின் ஓரத்தில். அப்பா ஒன்பது என்று சொன்னபோது என்னை எண்ணவே இல்லை.

மற்ற இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன என்று அதிகாரி கையை விரித்தார். விமானத்தில் ஒரு இடத்தில் ஒருவர்தான் உட்காரவேண்டும், பெல்ட் போடவேண்டும், நெருங்கி உட்காருவது நடக்காது. "கொட்டை இங்கேயே வச்சுட்டுப் போகலாம். டில்லியில எத்தனை மேளம் வேணும் உங்களுக்கு? நான் வாங்கித் தரேன்."

"கொட்டு வராத எடத்துக்கு நாங்க போறதில்லீங்க," என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல. மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

விமானத்தை ஓட்டுகிற கேப்டன் படியிறங்கி வந்தார். வடக்கத்திக்காரர், உயரமானவர். என்ன தாமதம் என்று இங்கிலீஷில் கேட்டார். அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச பொண்ணு. உனக்கு இதெல்லாம் தெரியும். உங்க அப்பாகிட்ட எடுத்துச் சொல்லு. அந்த இடம் உனக்குத்தான்னு சொல்லு. சீக்கிரம்."

நான் அப்பாவிடம் போய்க் குனிந்தேன். எடுத்துச் சொல்ல நினைத்துத்தான் குனிந்தேன். வாயில் வந்தது வேறு.

"என்னய ஏம்ப்பா எண்ணல?"

அப்பா என்னை வியப்போடு பார்த்தார். நான் சின்னக் கணக்கில் தப்புப் போட்டுவிட்டதுபோல்.

"எண்ணாமயா கண்ணு? கொட்டுக்கு ஒண்ணுன்னா ஒனக்கும் அதுலதான? கொட்டு எலையில நீ தின்ன. கொட்டுப் பங்குல நீ படிச்ச. ரெண்டு பேருக்கும் என்னைக்குச் சாமி தனித்தனியாப் பிரிச்சோம்?"

அவர் ஏமாற்றவில்லை. மறக்கவும் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கைக் கொண்டுவந்து விமானத்துக்கும் போட்டுவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழவில்லை. அங்கே இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நிமிர்ந்தேன். ஒரு வார்த்தை போதும். கேப்டனிடம் இந்த இடம் என்னுடையது என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அப்புறம் நான் யாரோடு போவேன்? இவர்கள் இப்படியே உட்கார்ந்திருப்பார்கள், நான் தனியாக மேலே போய் யாருக்காகப் பேசுவேன்? அதுமட்டும் இல்லை. அந்த இடம் கொட்டுக்கு வாங்கியது. அதன் இலையில் நான் தின்றதெல்லாம் அது தின்று முடித்த பிறகுதான். அதைத் தள்ளிவிட்டு ஒருநாளும் இல்லை. இதையெல்லாம் அங்கே நின்று அடுக்கடுக்காக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். என் கால்கள் கேப்டனை நோக்கி நடந்தன. வாய் இங்கிலீஷில் பேசியது.

ஒன்பதாவது பயணி இந்த மேளம் என்றேன். இவர்கள் எட்டுப் பேரும் இதோடுதான் வாசிப்பார்கள். இதற்கும் சேர்த்தே இடம் கேட்கப்பட்டது, இடமும் வாங்கியாகிவிட்டது. மற்ற பயணிகளைப்போல் இதுவும் உட்கார்ந்து வரும். வாந்தி எடுக்காது.

கடைசி வாக்கியம் மாமாவுடையது. பின்னாலிருந்து அவர் தமிழில் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன்.

கேப்டன் சிரித்தார். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அம்மா இழுத்துப் பின்னிய சடை, துவைத்து மடித்த ஒரே நல்ல தாவணி, கையில் துணிப்பை. "அப்படியானால் நீங்கள்?"

"நான் இவர்களை வழியனுப்ப வந்தேன்," என்றேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்த விமானத்தில் ஒரு இடம் இருந்தது. அதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. கொட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அப்பா நடுப்படியில் நின்று திரும்பினார். நான் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இறங்க ஒரு காலை வைத்தார்.

"போங்கப்பா," என்றேன். "கொட்டச் சாயாமப் புடிச்சுக்கோங்க."

அவருக்குப் பின்னால் நின்ற மாமாவின் முகம் வெளுத்திருந்தது. "ஏங்கண்ணு, நீ எம் எடத்துல ஏறிக்கறியா? எனக்கு வவுறு என்னமோ பண்ணுது. நான் நடந்தே ஊருக்குப் போயிக்கறேன்."

"கொழலு இல்லாமக் கொட்டு யாரோடடா பேசும்? ஏறுடா," என்று அப்பா அவரை மேலே தள்ளினார்.

கதவு மூடியது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழன்றன. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல்களில் ஒன்றில் கொட்டின் தோல் முகம் வட்டமாகத் தெரிந்ததுபோல் இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். விமானம் ஓடி, எழும்பி, மெலிந்து, காணாமல் போன பிறகும் நான் உட்காரவில்லை. வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். திரும்பி நடந்தேன். என்னைச் சேலம் ரயிலில் ஏற்றிவிட அதிகாரி ஏற்பாடு செய்திருந்த பியூன், "ஒக்காரும்மா, தலை சுத்துது எனக்கு," என்றார்.

ரயிலில் தனியாக வந்தேன். எங்கள் நாட்டிலிருந்து ஒரு பெண் அவ்வளவு தூரம் தனியாக வந்ததும் அதுதான் முதல் தடவை. ஆனால் அதைப் பெருமையாக நினைக்க அன்றைக்கு மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள். "ஊடு தெரிஞ்சுதா?"

"நான் போகலம்மா. கொட்டு போயிருக்குது."

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னேன். செம்மேட்டுச் சந்தையிலும் சொன்னேன். விடுதித் தோழிகளுக்கு இன்னொரு கார்டும் போட்டேன். சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அப்பாவும் மற்றவர்களும் திரும்பி வரும்வரை எந்த வேலையும் எனக்குப் பிடிபடவில்லை. சாமை புடைத்தால் முறம் கை நழுவியது. தினமும் பள்ளத்துப் பாதைவரை போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன இடத்தில் நன்றாக வாசித்திருந்தார்கள். டில்லிக் குளிரில் தோல் தானாகவே முறுக்கேறிவிட்டதாம். ஊருக்குள் நுழையும்போதே மாமா உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஏரோப்ளேனுல ஒரு பொண்ணு தட்டத் தூக்கிட்டு வந்து ஒவ்வொருத்தருக்கா முட்டாய் குடுத்துச்சு. எஞ்சின் சத்தத்துக்குக் காதுல வச்சுக்கப் பஞ்சு குடுத்துச்சு. ஒங்கப்பன் என்ன பண்ணுனாரு தெரியுமா? கொட்டக் காட்டி, இவருக்கும் குடு தாயின்னாரு! அது சிரிச்சுட்டுக் கொட்டு மேலயும் ஒண்ணு வச்சுட்டுப் போச்சு. காதே இல்லாத கொட்டுக்குப் பஞ்சு!"

"நீ கண்ண மூடிக்கிட்டுச் சாமியக் கூப்புட்டுட்டு இருந்த. ஒனக்கு எப்புடிடா தெரியும்?" என்றார் அப்பா.

கொட்டை உள்ளே கொண்டுபோய் மடித்த துண்டின்மேல் வைத்த பிறகு, அப்பா அதன் வார்க்கயிற்றில் முடிந்திருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே காகிதம் சுற்றிய ஒரு மிட்டாயும் இரண்டு சின்னப் பஞ்சு உருண்டைகளும் இருந்தன. என் உள்ளங்கையில் வைத்தார். கொட்டின் பங்கு எப்போதும் யாருக்குப் போகுமோ அவளுக்குக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தார்.

"மேலயிருந்து நம்ம மல தெரிஞ்சுதாப்பா?"

"ஒரே மேகம் சாமி. கொட்டு கண்ணாடிப் பக்கம் ஒக்காந்திருந்துச்சு. அதக் கேளு."

மிட்டாயை அப்போதே தின்றுவிட்டேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. அதற்கப்புறம் ஆசிரியர் பயிற்சி முடித்து, இப்போது மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மேகத்துக்குமேல் எங்காவது விமானச் சத்தம் கேட்டால் சாக்பீஸ் கையோடு வெளியே வந்துவிடுகிறேன். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். சத்தம் போன பிறகும் உள்ளே போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

பஞ்சு உருண்டைகளை மட்டும் என் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான் ஏறும் நாளில் காதில் வைத்துக்கொள்வதற்கு.